வரிக்காரன் வைத்த பெயர்

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஸ்மித் புதியவர் அல்ல. ஆஸ்திரேலியாவுக்கு ஸ்டீவ் ஸ்மித், தென்னாப்பிரிக்காவுக்கு கிரேம் ஸ்மித், இங்கிலாந்துக்கு ராபின் ஸ்மித், நியூசிலாந்துக்கு இயன் ஸ்மித். வெஸ்ட் இண்டீஸின் டுவைன் ஸ்மித் மஞ்சள் சட்டை போட்டு நம் சேப்பாக்கத்துக்கே ஆடியிருக்கிறார். இவர்களில் யாரும் யாருக்கும் அண்ணன் தம்பியோ பங்காளியோ கிடையாது. ஆனாலும் இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு முப்பாட்டன் உண்டு. ஸ்மித் என்றால் கொல்லன் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், அந்த முப்பாட்டன் கையில் சம்மட்டி இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, அவன் கையில் இருந்தது இறகுப் பேனாவும் வரிக் கணக்கும்.

1066-க்கு முன்னால் இங்கிலாந்தில் இந்தத் தொல்லையே இல்லை. எதெல்ரெட், லியோஃப்ரிக், வுல்ஃப்ஸ்டன் என்று வாயில் நுழையாத பெயர்களாக இருந்தாலும் ஆளுக்கொரு பெயர். கூப்பிட்டால் ஒருத்தர்தான் திரும்பிப் பார்ப்பார். 975 வாக்கிலேயே டர்ஹாம் பக்கத்தில் எக்கியார்ட் என்ற ஒருவரின் பெயருக்குப் பின்னால் 'ஸ்மித்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது வெறும் அடையாளக் குறிப்பு. தொழிலை விட்டால் பெயரும் போய்விடும்.

அப்புறம் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்தார், ஜெயித்தார். தோற்றவர்கள் ஜெயித்தவன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சில தலைமுறைகளுக்குள் எதெல்ரெட்டுகள் காணாமல் போய், எங்கே பார்த்தாலும் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ், ஜான். அதிலும் ஜான் கொஞ்சநஞ்சமல்ல. 14-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஏறக்குறைய மூன்று ஆண்களில் ஒருவன் ஜான். பிரபுக்கள் தப்பித்தார்கள், நார்மண்டியில் விட்டுவந்த சொந்த ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டு பெர்சி என்றும் இன்னபிறவாகவும் திரிந்தார்கள். மாட்டிக்கொண்டவர்கள் குடியானவர்கள். அவர்களைவிட அதிகமாக மாட்டிக்கொண்டவன், அவர்களிடம் வரி வாங்கப் போனவன்.

1377-ல் பிரான்ஸோடு நடந்த ஓயாத சண்டைக்குக் காசு வேண்டி, 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் தலைக்கு நாலு பென்னி என்று தலைவரி போட்டார்கள். குமாஸ்தா ஏட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பேரு?"

"ஜானுங்க."

"அப்பன் பேரு?"

"அவரும் ஜானுங்க."

"நேத்தே ஒரு ஜான் கட்டிட்டானே. அது நீயா?"

"கட்டினது ஆத்தோரத்து ஜானுங்க. இல்லாட்டி செம்பட்டைத் தலை ஜானா இருக்கும். நமக்கு இந்த ஊர்ல பதினோரு ஜான் இருக்காங்க, ஐயா."

"அப்ப நீ எந்த ஜான்?"

"பட்டறைக்கார ஜான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டான்: ஜான் ஸ்மித். ஆற்றோரத்து ஜானின் பேரன்கள் அட்வாட்டர் ஆனார்கள். செம்பட்டைத் தலையின் வாரிசுகள் ரீட் ஆனார்கள், தலை வழுக்கையான பிறகும்.

ஸ்மித்துகள் இவ்வளவு பெருகக் காரணம் கொல்லர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதல்ல. ஊருக்கு ஒருவர்தான் இருந்தார். கொழு அடிக்க, லாடம் கட்ட, கதவுக்குக் கீல் போட, போகிற போக்கில் சொத்தைப் பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஆள். அதனால்தான் அந்தப் பெயர் உதவியது. ஊரில் பாதிக்கு மேல் ஏர் ஓட்டுகிறவர்களாக இருக்கும்போது 'ஏரோட்டி ஜான்' என்று சொன்னால் யாரைத் தேடுவது? பெரும்பான்மையாக இருந்த உழவனுக்குத் தொழில் பெயர் கிடைக்காமல் போக, தனி ஆளாக நின்ற கொல்லனுக்குக் கிடைத்தது. அப்படி ஊருக்கு ஒருவன் என்று பல ஆயிரம் ஊர்களைக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இது தேர்தல் கணக்கு. துணியைத் தண்ணீரில் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவர்களும் அந்நாளில் ஏராளம். ஆனால் அந்தத் தொழிலுக்குத் தென்மேற்கில் டக்கர் என்று பெயர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கே வாக்கர். ஒரே சமூகம் மூன்று கட்சியாகப் பிரிந்து ஓட்டை உடைத்துக்கொண்டது. கொல்லனுக்கு மட்டும் இங்கிலீஷ் பேசும் எந்த மூலைக்குப் போனாலும் ஸ்மித்தான். ஓட்டு பிரியவில்லை, ஜெயித்தார்.

தலைவரி விஷயத்தில் அரசாங்கம் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது தனிக்கதை. 1380 கடைசியில் நாலு பென்னியை மூன்று மடங்காக்கி, தலைக்கு ஒரு ஷில்லிங் என்றார்கள். 1377-ல் வரி கட்டியவர்கள் 13,55,201 பேர். 1381-ல் கணக்குக்கு வந்தவர்கள் 8,96,481. நாலே வருஷத்தில் நாலரை லட்சம் பேர் ஆவியாகிவிட்டார்கள். குறிப்பாகக் கல்யாணமாகாத தங்கைகளும் விதவை அத்தைகளும் எந்த வீட்டிலும் இல்லை. 'எங்கள் வீட்டில் பெண்களே பிறப்பதில்லை' என்கிற தோரணையில் கிராமம் கிராமமாகக் கையை விரித்தார்கள். ஒளிந்திருக்கும் தங்கைகளைத் தேடி அரசாங்கம் இன்னொரு படையை அனுப்ப, எசெக்ஸில் தீ பற்றிக்கொண்டது. வாட் டைலர் தலைமையில் ஜனங்கள் லண்டனுக்குள் புகுந்து, ஆர்ச்பிஷப்பின் தலையையும் கஜானா அதிகாரியின் தலையையும் வெட்டினார்கள். தலைவரிக்கு இதைவிட நேரடியான பதில் எந்தச் சரித்திரத்திலும் கிடையாது.

டைலர் என்றால் ஓடு போடுகிறவர். ஆக இந்தப் புரட்சிக்கே தொழில் பெயர்காரர்தான் தலைவர். 1381 ஜூன் 15 அன்று, 14 வயது ராஜா ரிச்சர்டின் கண்ணெதிரே லண்டன் மேயர் அவரைக் குத்திச் சாய்த்த இடம் ஸ்மித்ஃபீல்ட். பெயரைப் பார்த்துக் கொல்லர் மேடு என்று நினைத்துவிட வேண்டாம். அது வெறும் சமதரை மைதானம், உச்சரிப்பு தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. இங்கிலாந்தின் ரொம்பப் பிரபலமான ஸ்மித்திலேயே கொல்லன் இல்லை.

புரட்சி அடங்கியது, ஏடு மிச்சம். ஏட்டில் ஏறிய பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்க ஆரம்பித்தது. மகன் ரொட்டி சுட்டாலும் ஸ்மித், பேரன் பாதிரியாரானாலும் ஸ்மித்.

ஒரு நூற்றாண்டு கழித்து நிஜமாகவே ஒரு கொல்லர் இதே வரிப் பிரச்சினையில் தலையைக் கொடுத்தார். ஸ்காட்லாந்தோடு சண்டை போட ஏழாம் ஹென்றி கார்ன்வாலில் வரி கேட்டார். கார்ன்வால் இருப்பது நாட்டின் தென்மேற்கு நுனி, ஸ்காட்லாந்து இருப்பது வடக்குக் கோடி. 'அவன் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ, நாங்கள் ஏன் அழ வேண்டும்' என்று செயின்ட் கெவர்ன் ஊர்க் கொல்லர் மைக்கேல் ஜோசப் ஜனங்களைத் திரட்டி லண்டன் வரை நடந்தே போனார். 1497 ஜூனில் டெப்ட்ஃபர்டு பாலத்தருகே அடி வாங்கி, பத்து நாளில் தூக்கில் தொங்கினார். தூக்குக்குப் போகும் வழியில், தன் பெயர் என்றைக்கும் அழியாது என்று சொல்லிக்கொண்டே போனாராம். கார்ன்வால் பாஷையில் கொல்லனை 'ஆன் கோஃப்' என்பார்கள். மைக்கேல் ஆன் கோஃப் என்று இன்றும் அங்கே அவருக்குச் சிலை உண்டு. ஸ்மித் என்ற பெயர்தான் அந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி.

பெயர்களைக் கல்வெட்டாக்கியவர் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல். ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் வாராவாரம் நோட்டில் ஏற்ற வேண்டும் என்று 1538-ல் உத்தரவு போட்டார். ஜனங்கள் பழைய அனுபவசாலிகள். 'பிறந்தால் வரி, கட்டினால் வரி, செத்தால் வரி, அதற்குத்தான் இந்த நோட்டு' என்று கிசுகிசுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் நிலையான பெயர் வாங்கிக் கொடுத்த இந்த மனிதரின் வீட்டிலேயே அது கிடையாது. அவருடைய அப்பா, பட்னி ஊரின் வால்டர், ஒரு நாள் கிராம்வெல், மறுநாள் ஸ்மித். கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார், சாராயக் கடையும் வைத்திருந்தார்; பீர் விதிகளை மீறியதாகத் திரும்பத் திரும்ப அபராதம் கட்டியது கோர்ட் ஏட்டில் இருக்கிறது. கிராம்வெல்லின் அக்காளைக் கட்டிய வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரரின் பிள்ளைகளோ, மாமா செல்வாக்காக இருந்தபோது கிராம்வெல் ஆகிவிட்டார்கள். அந்த வழியில் வந்தவர்தான் பின்னாளில் ராஜாவின் தலையை எடுத்த ஆலிவர். தாய்மாமன் ஸ்மித் என்றே எழுதிக்கொண்டிருந்தால் இங்கிலாந்தை ஐந்து வருஷம் ஆண்டது ஆலிவர் ஸ்மித்.

இதற்குள் ஸ்மித்துகளே வரி வாங்கும் பக்கத்துக்குத் தாவியிருந்தார்கள். எலிசபெத் காலத்தில் லண்டன் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்தவர் தாமஸ் ஸ்மித். கஸ்டம்ஸில் இருந்ததால் 'கஸ்டமர்' ஸ்மித் என்றே பட்டப்பெயர். துறைமுகத்தில் சுங்கம் பார்த்தவர் வீட்டில் லட்சுமி தங்கியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவர் மகன் சர் தாமஸ் ஸ்மித், 1600-ன் கடைசி நாளில் பட்டயம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர். நம்மூர் நிலவரி வரைக்கும் நீண்ட அந்தக் கைக்கு முதல் மோதிரம் போட்டது ஒரு ஸ்மித். வர்ஜீனியா கம்பெனியிலும் அவரே தலை.

அந்தக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பிய கப்பலில் விலங்கு மாட்டப்பட்டுக் கிடந்தார் இன்னொருவர், கேப்டன் ஜான் ஸ்மித். கலகம் செய்யப் பார்த்தார் என்று குற்றச்சாட்டு. வழியில் ஒரு தீவில் தூக்குமரமே தயாரானதாகச் சொல்வார்கள். 1607-ல் கரை சேர்ந்து, முத்திரையிட்ட பெட்டியைத் திறந்து குடியேற்றத்தின் நிர்வாகிகள் யார் யார் என்று பார்த்தால், பட்டியலில் கைதியின் பெயர்! கூட வந்தவர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மனிதர் பேச்சில் மன்னர். டிரான்சில்வேனியாவில் மூன்று துருக்கியர்களை அடுத்தடுத்து ஒற்றைக்கு ஒற்றை நின்று தலையைச் சீவியதாகச் சொல்லி, அந்த மூன்று தலைகளையும் தன் குடும்பச் சின்னத்திலேயே வரைந்துகொண்டவர். போகஹாண்டஸ் என்ற செவ்விந்தியச் சிறுமி குறுக்கே பாய்ந்து தன் உயிரைக் காப்பாற்றிய கதையும் அவர் சொன்னதுதான். 1608-ல் அச்சான அவருடைய முதல் புத்தகத்தில் அந்தக் காட்சி இல்லை. 1624-ல் வந்த புத்தகத்தில் விஸ்தாரமாக வருகிறது. இடையில் போகஹாண்டஸ் வேறொருவரை மணந்து, லண்டனுக்கு வந்து பிரபலமாகி, 1617-ல் இறந்தும் போயிருந்தார். மறுத்துப் பேச ஆள் இல்லாத நேரம் பார்த்து ஞாபகம் வந்திருக்கிறது.

நம் பக்கம் வந்தவர் கர்னல் ஜோசப் ஸ்மித். 1767-ல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியின் படையை விரட்டினார். இரண்டு வருஷம் பொறுத்து ஹைதர் பதில் சொன்னார். ஸ்மித்தின் படையை எங்கோ உள்நாட்டில் அலையவிட்டு, குதிரைப் படையோடு குறுக்கே பாய்ந்து, 1769 மார்ச்சில் மெட்ராஸ் வாசலில் வந்து நின்றார். கம்பெனியார் மறுவார்த்தை பேசாமல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்.

காசு வந்ததும் கரி ஒட்டிய பெயர் உறுத்த ஆரம்பித்தது. சிலர் எழுத்தை மாற்றி 'ஸ்மைத்' ஆனார்கள். எசெக்ஸின் ஒரு பிரபுக் குடும்பம் எழுத்துகளுக்கு நடுவே ஒரு 'ஜே'யைச் செருகிக்கொண்டது.  நாட்டிங்ஹாமில் பாங்க் நடத்திய ராபர்ட் ஸ்மித் கேரிங்டன் பிரபு ஆனார்; 1839-ல் மகன் ஸ்மித்தையே கத்தரித்து எறிந்துவிட்டார். ஃபாக்லண்ட் தீவுகள் கைவிட்டுப் போனபோது ராஜினாமா செய்தாரே வெளியுறவு மந்திரி கேரிங்டன், அவர் இந்தப் பட்டறை வாரிசுதான்.

இந்த வரிசையில் உச்சம் சர் ஹ்யூ ஸ்மித்சன். பெர்சி வம்சத்துச் சொத்துக்கு வாரிசான பெண்ணைக் கட்டினார். 1750-ல் பார்லிமெண்டில் சட்டமே போட்டு, கொல்லன் மகன் என்று பொருள்படும் ஸ்மித்சனைக் கழற்றிவிட்டுப் பெர்சி ஆனார். 1766-ல் நார்தம்பர்லண்ட் டியூக். பழைய பெயரை அப்படியே புதைத்துவிட்டதாக நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் எலிசபெத் மேசி என்ற விதவைப் பெண்மணி மூலம் அவருக்கு ஒரு மகன். பிரசவம் பாரிஸில் ரகசியமாக நடந்தது. ஜேம்ஸ் மேசி என்ற பெயரில் வளர்ந்த அந்தப் பிள்ளை வேதியியலில் புலி. 22 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். டியூக் பட்டத்திலும் பங்கில்லை, பெர்சி பெயரிலும் பங்கில்லை. அம்மா இறந்த பிறகு, 1800 வாக்கில், அப்பா வேண்டாமென்று தூக்கி எறிந்த அதே ஸ்மித்சனை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

உயிலைப் பாருங்கள், பழிவாங்கல் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். சொத்து முழுக்கத் தம்பியின் மகனுக்கு. அவனுக்குக் குழந்தை இல்லாமல் போனால், அத்தனையும் அமெரிக்க அரசாங்கத்துக்கு: தன் பெயரில் வாஷிங்டனில் ஓர் அறிவு நிலையம் அமைக்க வேண்டும். ஜேம்ஸ் ஸ்மித்சன் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அவர் 1829-ல் ஜெனோவாவில் இறந்தார், தம்பி மகன் 1835-ல் வாரிசில்லாமல் போனான். 1838-ல் ஒரு லட்சத்துக்கு மேல் தங்க சவரன்கள், 105 மூட்டைகளில், கப்பலேறி நியூயார்க் வந்தன. உருக்கிப் பார்த்ததில் ஐந்து லட்சத்து எட்டாயிரம் டாலர் சொச்சம்.

'யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பிச்சை போட்டு நாம் வாங்குவதா' என்று செனட்டில் கால்ஹூன் கொதித்தார். கௌரவம் பார்த்தவர்கள் பணத்தைத் திருப்பி அனுப்பினார்களா என்றால், அதுதான் இல்லை. ஆர்கன்சா மாநிலக் கடன் பத்திரத்தில் போட்டார்கள். ஆர்கன்சா கையை விரித்தது. ஜான் குவின்சி ஆடம்ஸ் விடாமல் மல்லுக்கட்டி, அந்தப் பணத்தை அரசாங்கத்தையே ஈடுகட்ட வைத்தார். 1846-ல் ஸ்மித்சோனியன் பிறந்தது. 1904-ல் டெலிபோன் கிரஹாம் பெல் நேரில் போய் எலும்புகளையும் கொண்டுவந்து சேர்த்தார். இன்று பெர்சி டியூக்குகளைத் தெரிந்தவர்கள் இங்கிலாந்தில் கொஞ்சம் பேர். ஸ்மித்சோனியன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அமெரிக்க ஸ்மித்துகளின் கதை வேறு மாதிரி. 1865-ல் அடிமை முறை ஒழிந்தபோது, கூலி ஒப்பந்தத்துக்கும் கல்யாணப் பதிவுக்கும் ராணுவப் பென்ஷனுக்கும் இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. சிலர் பழைய எஜமானனின் பெயரை எழுதினார்கள். பலர் அவன் காதில் விழாமல் தங்களுக்குள் ஏற்கெனவே வழங்கிவந்த பெயரை அதிகாரியிடம் முதல்முறையாக உரக்கச் சொன்னார்கள். இன்று அமெரிக்க ஸ்மித்துகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

வேறு சில ஸ்மித்துகள் வேஷம் போட்டவர்கள். எல்லிஸ் தீவில் அதிகாரிகள் குடியேறிகளின் பெயரை மாற்றி எழுதினார்கள் என்று எல்லோரும் சொல்வது கதை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாராகிவிடும். மாற்றியவர்கள் அவர்களேதான். முதல் உலகப் போரில் ஜெர்மன் வாசனை அடிக்கும் எதுவும் ஆபத்து. ஜெர்மன்காரனின் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கே 'விடுதலை முட்டைக்கோஸ்' என்று பெயர் சூட்டிய காலம். ஷ்மிட் ராத்திரி படுத்துக் காலையில் ஸ்மித்தாக எழுந்தார். 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 24,42,977 ஸ்மித்துகள், முதலிடம். அடுத்து ஜான்சன், ஐந்து லட்சம் பின்தங்கி.

தாய்நாட்டில் போட்டி கடுமை. 1853 விவரங்களை வைத்து தலைமைப் பதிவாளர் ஜார்ஜ் கிரஹாம் கணக்குப் போட்டார்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஸ்மித்துகள் 2,53,600, அதாவது 73 பேரில் ஒருவர். மூச்சு வாங்க வாங்கப் பின்னால் ஓடி வந்தது ஜோன்ஸ், 2,42,100. சின்னஞ்சிறு வேல்ஸை மட்டும் நம்பி ஜோன்ஸ் இவ்வளவு தூரம் வந்தது சாதனைதான். அங்கே தகப்பன் பெயரே பிள்ளைக்குப் பின்பெயர். இங்கிலாந்தின் சட்டம் வந்து 'அப்படியே நில்' என்றபோது, ஏகப்பட்ட தகப்பன்கள் ஜானாக இருந்துவிட்டார்கள். ஆகவே வேல்ஸ் கிராமங்களில் ரொட்டிக்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ், பால்கார ஜோன்ஸ் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பட்டாளத்தில் அதுவும் எடுபடவில்லை. அங்கே எல்லா ஜோன்ஸுக்கும் ஒரே தொழில். 1879-ல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பேர் கொண்ட காவலை ஆயிரக்கணக்கான ஜுலுக்கள் சூழ்ந்தபோது, ஒரே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், ஒரே கதவைக் காத்து நின்றவர்கள் ராபர்ட் ஜோன்ஸும் வில்லியம் ஜோன்ஸும். இருவருக்கும் விக்டோரியா கிராஸ். ரெஜிமெண்டுக்கு ஒருவர் 716, இன்னொருவர் 593.